ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன், உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி?

தென்காசிச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் குடியை நிறுத்தினார்கள். வெளியே வரும்போது கவுன்சிலர் ஒரு துண்டுச் சீட்டில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டம் நடக்கிற இடத்தை எழுதிக் கொடுத்து, மாத்திரை மட்டும் போதாது தம்பி, இங்கேயும் போங்கள் என்றார். அன்றிலிருந்து வாராவாரம் போகிறேன், இதுவரை தொடவில்லை.

பிரச்சினை என்னவென்றால், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் கூட்டம் நடக்கிறது, நான் கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன், ஒவ்வொருவராகப் பேசி என் முறை வரும்போது பெயரைச் சொல்லி, இன்று கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்துவிடுகிறேன், கடைசியில் டீ கொடுப்பார்கள், அதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். அங்கே இருக்கும் நேரம் மனசு லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை, கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது?

ஸ்பான்சர் வைத்துக்கொள் என்கிறார்கள், முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கேட்பது, அவர் பணம் எதிர்பார்ப்பாரா? கடவுள் என்று பேச்சு வருகிறது, அதில் எனக்குப் பெரிய பிடிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. கம்பெனி ஆள் யாராவது அங்கே என்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாவற்றையும்விட, கூட்டம் இல்லாத நாளில் என்ன செய்வது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பழையரயில்:

தம்பி, நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவன், ஏ.ஏ.வில் வெகுகாலமாக இருக்கிறேன். நீ கடைசியாகக் கேட்டாயே, கூட்டம் இல்லாத நாளில் என்ன செய்வது என்று, அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். கூட்டம் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி நேரத்தில் கூப்பிடுவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளைத் தேடிக்கொள்ளத்தான் கூட்டத்துக்கே போகிறோம். நீயோ டீ வருவதற்கு முன்னால் கிளம்பிவிடுகிறாய். கூட்டத்தில் கிடைக்க வேண்டியதில் பாதி அந்த டீ நேரத்தில்தான் கிடைக்கும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், கேள். 1935 மே மாதம். பில் வில்சன் என்கிற நியூயார்க் பங்குச்சந்தை ஆள், குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது, ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்கிற ஊருக்கு வருகிறார். வந்த காரியம் கெட்டுப்போய், கையில் காசும் இல்லாமல் ஓட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரில் இருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். அங்கே மாட்டியிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, இந்த ஊரில் என்னைப் போல குடியில் மாட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிச் சுற்றி வளைத்துக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று 1935 ஜூன் 10ஐச் சொல்வார்கள், அதையே ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறார்கள். பில் அன்றைக்குப் போன் போட்டது யாரையும் திருத்துவதற்காக இல்லை, தம்பி. அந்த ஒரு சாயந்திரம் தான் குடிக்காமல் இருக்க வேண்டுமே என்று போட்டார்.

அதனால் அடுத்த கூட்டத்தில் டீ குடித்துவிட்டுப் போ. நாலைந்து பேருடைய நம்பர் வாங்கு. வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல் மறுநாளே ஒருவரைக் கூப்பிடு, ஒன்றும் ஆகாத நாளிலேயே கூப்பிட்டுப் பழகு. “அண்ணே, ஷிஃப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்” என்றால் போதும், அவருக்குப் புரியும். நல்ல நாளில் கூப்பிட்டுப் பழகாதவனுக்குக் கெட்ட நாளில் விரல் போன் பக்கம் போகாது, இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். உனக்குச் சிக்கலான நேரம் ஷிஃப்ட் முடிகிற நேரம் என்று நீயே எழுதியிருக்கிறாய். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துகிறது. கம்பெனி வாசலில் இருந்து வீடு போய்ச் சேரும் வரை காதில் ஒரு ஆள் இருக்கட்டும். முடிந்தால் வழியையே மாற்று.

ஸ்பான்சர் விஷயம். காசு கிடையாது, ஒரு ரூபாய் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வருமே, அது வாடகைக்கும் டீக்கும், அதுகூட இஷ்டப்பட்டால்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ. மரபு. ஸ்பான்சர் என்பவர் உனக்கு முன்னால் இதே பாதையில் நடந்தவர், அவ்வளவுதான். குறைந்தது ஒரு வருஷமாவது குடிக்காமல் இருக்கிறவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பார்ப்பது வழக்கம். நன்றாகப் பேசுகிறவரைவிட, வீட்டிலும் வேலையிலும் நிதானமாக நடந்துகொள்கிறவர் யார் என்று கவனித்துக் கேள். “கொஞ்ச நாளைக்கு எனக்கு ஸ்பான்சராக இருக்கிறீர்களா, சரிவருகிறதா என்று பார்க்கலாம்” என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உன்னிடம் கடன் கேட்கிறவர், சீட்டுப் பிடிக்கச் சொல்கிறவர், பெண்டாட்டியை விட்டுவிடு, வேலையை விட்டுவிடு என்று வாழ்க்கைக்கே உத்தரவு போடுகிறவர், இவர்களெல்லாம் வேண்டாம். வேறு ஆளைப் பார்.

கம்பெனி ஆள் பார்த்துவிட்டால் என்று கேட்டாய். மூடிய கூட்டம் என்றால், குடியை விட விரும்புகிறவர் மட்டும்தான் உள்ளே இருப்பார், அவரும் உன்னைப் போலத்தான் வந்திருப்பார். திறந்த கூட்டம் என்றால் வீட்டாரும் மற்றவர்களும் வரலாம், அதனால் எது எந்தக் கூட்டம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதைக் கேட்டிருப்பாய். ஊர் வாய் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாம் தெருவில் விழுந்து கிடந்தபோது பார்க்காதவர்கள் யார், சொல்லு.

வார்டுவிளக்கு:

குடிநோய் வார்டில் நர்சாக இருக்கிறேன். பழையரயில் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருத்துவப் பக்கத்தில் கொஞ்சம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இந்த இழையை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறவர்களும் படிப்பார்கள்.

தினமும் நிறையக் குடிக்கிறவர், கூட்டத்துக்குப் போய் வந்த வேகத்தில் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கடைசியில் எங்களிடம் தூக்கி வருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். பி1 வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை என்று கொடுத்துப் பத்திரமாக நிறுத்திவிடலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446க்குப் போன் செய்யலாம், போதையில் இருந்து மீள்வதற்கான தேசிய இலவச உதவி எண். மனசு ரொம்ப உடைந்துபோய் உயிரை விட்டுவிடலாமா என்கிற நினைப்பு வந்தால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம்.

தென்காசிச்சாரல், உங்களுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று இங்கே எழுத வேண்டாம், உங்கள் டாக்டருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் கூட்டத்தில் யாராவது, இவ்வளவு நாள் ஆகிவிட்டது, இன்னும் எதற்கு மாத்திரை என்று சொன்னால் கேட்காதீர்கள். ஏ.ஏ. மருந்து விஷயத்தில் தலையிடுவதில்லை, அப்படிச் சொல்கிறவர் தன் சொந்த அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறார். டைசல்ஃபிராம், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை, அதை எடுக்கிறவர் என்றால், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கும், அதற்குள் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகும். தசமூலாரிஷ்டம் மாதிரியான அரிஷ்டங்களில் ஆல்கஹால் உண்டு, சில இருமல் மருந்திலும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று தூக்கம். நிறுத்தி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட தூக்கம் சரியாக வராது. குடித்தால்தான் தூக்கம் வரும் போல என்று நினைத்துத் திரும்பப் போகிறவர்கள் நிறைய. அது உடம்பு பழைய நிலைக்கு வருகிற காலம் என்று தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடு, பரவாயில்லை என்று சொல்கிற ஆள் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் யார் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தாள்:

எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் சித்தப்பா மகன் இரண்டு வாரம் போனான், மூன்றாம் வாரம் குடித்துவிட்டான், அதோடு போவதை விட்டுவிட்டான். அதற்கு முன்னால் கோவிலில் கயிறு கட்டினோம், மாலை போட்டு மலைக்கும் போனான். மாலை போட்ட நாள் முழுக்க ஒழுங்காக இருந்தான், கழற்றிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். வட்டமாக உட்கார்ந்து கதை பேசுவதால் ஒரு வியாதி போகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், எங்கள் சித்தி தினமும் அழுகிறார்.

கரும்பலகை:

ஆதாரம் இருக்கிறது. 2020இல் காக்ரேன் என்கிற அமைப்பு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவதில் உலகம் முழுக்க மதிக்கப்படுகிற அமைப்பு, 27 ஆய்வுகளை, 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு நோயாளியை முறையாகச் சேர்த்துவிடுகிற சிகிச்சைத் திட்டங்கள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட முன்னால் நிற்கின்றன என்று சொன்னது. மற்ற அளவுகோல்களில் ஏறத்தாழ சமம். ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதில் நான் கவனித்தது ‘முறையாகச் சேர்த்துவிடுகிற’ என்பதைத்தான். முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்துப் போ என்பதும், ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒருவரை விட்டுப் பேச வைத்து, முதல் நாள் அவர் கூடவே கூட்டிப்போய், அப்புறம் போனீர்களா, ஸ்பான்சர் கிடைத்தாரா என்று விடாமல் விசாரிப்பதும் ஒன்றல்ல. உங்கள் தம்பி இரண்டு வாரம் தனியாகப் போயிருப்பார், தனியாகத் திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவரை இன்னொரு முறை அனுப்புங்கள், இந்தத் தடவை அந்தக் குழுவில் ஒருவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். வருவார்கள். குடியில் இருந்து மீள ஏ.ஏ. பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது, பன்னிரண்டாவது படி என்பதே அதுதான், இன்னொரு குடிநோயாளியிடம் செய்தியைக் கொண்டுபோவது. அது அவர்களுக்கும் தேவை.

மாலை போட்டதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் பெரியார் வழியில் வளர்ந்தவன், ஆனாலும் சொல்கிறேன், மாலை போட்ட நாட்களில் அவரால் குடிக்காமல் இருக்க முடிந்தது. ஏன் முடிந்தது? காலையில் எழுந்து குளிப்பது, கூட மாலை போட்டவர்களோடு சேர்ந்து சாப்பிடுவது, தெருவே சாமி என்று கூப்பிடுவது, நாள் முழுக்க ஒரு ஒழுங்கும் சுற்றிலும் ஆட்களும் இருந்தார்கள். மாலையைக் கழற்றியதும் அது மொத்தமும் ஒரே நாளில் போய்விட்டது. ஏ.ஏ.வில் அது முடிகிற தேதி என்று ஒன்று கிடையாது.

கடவுள் பற்றித் தென்காசிச்சாரல் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளி ஆசிரியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவன், ஏ.ஏ. உறுப்பினன். முதல் கூட்டத்தில் பிரார்த்தனை என்றதும் எழுந்து போய்விடலாமா என்றுதான் இருந்தது. படிகளில் ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் எழுதியிருக்கிறது. உறுப்பினராவதற்கு ஒரே நிபந்தனை குடியை நிறுத்த வேண்டும் என்கிற விருப்பம், நம்பிக்கை கேட்கவில்லை. நம்மைவிட மேலான சக்தி என்றால் எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். என் ஒருவனால் முடியாதது இருபது பேர் சேர்ந்தால் முடிகிறது, இதற்குச் சாமி வேண்டியதில்லை. பிரார்த்தனை நேரத்தில் மரியாதையாக அமைதியாக நிற்கிறேன், யாரும் வற்புறுத்தியதில்லை. உங்களை யாராவது வற்புறுத்தினால் அது அந்த ஆளின் குணம், வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. அப்படியும் ஒட்டவில்லை என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்று கடவுள் பேச்சே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, அறிவியல் முறையில் பயிற்சிகள், இணையத்தில் கூட்டங்கள், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சரியாக வரும்.

பழையரயில்:

வெள்ளைத்தாள், உங்கள் தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். நடுவில் குடித்துவிட்டால் ஏ.ஏ.வில் பெயர் அடிப்பதில்லை, அடிப்பதற்குப் பெயர்ப் பதிவேடே கிடையாது. வெட்கத்தில்தான் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. மறுநாளே வந்து, நேற்றுக் குடித்துவிட்டேன் என்று சொல்கிறவனை அந்த அறையில் எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடிப்பார்கள். வாசனையோடு வந்தால்கூட அன்றைக்குப் பேச விடமாட்டார்களே தவிர, ஓரமாக உட்கார இடம் உண்டு.

மல்லிகைத்தோட்டம்:

வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்து ஒருத்தி பேசுகிறேன். என் வீட்டுக்காரர் ஏ.ஏ.வில் இருக்கிறார், நான் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறேன், அது குடிக்கிறவர்களுடைய குடும்பத்தாருக்கு. வெள்ளைத்தாள், உங்கள் சித்தியை முதலில் அங்கே அனுப்புங்கள். மகன் வந்தாலும் வராவிட்டாலும் அவர் போகலாம்.

இவர் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்ததும் நாம் செய்கிற காரியங்கள் இருக்கின்றன, வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பது, சட்டைப் பையைத் துழாவுவது, இன்றைக்குக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று போலீஸ் மாதிரி கேட்பது. பயத்தில்தான் செய்கிறோம், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பேசியதை வீட்டில் ஒப்பிக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் அவர் அங்கே மனசு திறந்து பேச மாட்டார். கூட்டத்துக்குப் போகிற நேரத்தில் பிள்ளைக்கு ட்யூஷன், ரேஷன் கடை என்று வேலை வைக்காமல் அந்தச் சாயந்திரத்தை அவருக்கு விட்டுவிட்டாலே பெரிய உதவி.

அப்புறம், சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுப்பதைப் பற்றி. விளம்பரம் பார்த்து, ஆளுக்குத் தெரியாமல் கொடுங்கள், தானாக விட்டுவிடுவார் என்று வாங்கி வருகிறார்கள். எங்கள் குழுவிலேயே இதைக் கேட்காத வாரம் இல்லை. இது ஆபத்தா இல்லையா என்று வார்டுவிளக்கு சொல்ல வேண்டும்.

வார்டுவிளக்கு:

மிகவும் ஆபத்து. விளம்பரத்தில் வருகிற பொடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. டைசல்ஃபிராம் என்றால், அது உடம்பில் இருப்பது தெரியாமல் அந்த ஆள் குவார்ட்டர் அடித்தால் இதயம் பலவீனமாக உள்ளவருக்கு உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. வீட்டில் ஒருவர் கண்ணெதிரே தினமும் அவர் விழுங்குவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடு. மறைத்துக் கொடுத்தது தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் உங்கள் கையால் ஒரு காபி வாங்கிக் குடிக்க மாட்டார்.

கட்டிப்போடுகிற, அடிக்கிற ‘மறுவாழ்வு மையங்கள்’ பக்கமும் போகாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன்படி சங்கிலி போட்டுக் கட்டுவது குற்றம், பதிவு பெற்ற இடமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் பாருங்கள், நோயாளிக்கு மட்டும் இல்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அங்கே சிகிச்சை. மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு ஊர்க்காரர்களையே உதவிக்குச் சேர்த்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். நல்ல இடம் எப்படி இருக்கும் என்பதற்கு அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. பழையரயில் ஐயா சொன்னபடி டீக்கு நின்றேன், நம்பர்கள் வாங்கினேன். ஒரு அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறார், அவரே மறுநாள் சாயந்திரம் கூப்பிட்டு, ஷிஃப்ட் முடிந்ததா என்று கேட்டார். எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை, ஆனால் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது வேறு கவலை. ஊரில் அம்மன் கோவில் கொடை வருகிறது. எங்கள் பக்கத்தில் கொடை என்றால் வெளியூரில் இருக்கிற ஒருத்தன் விடாமல் வர வேண்டும், வரி கொடுத்திருக்கிறேன், தங்கச்சி வீட்டுக்காரர், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் சேர்கிற இடம். சாமக்கொடை முடிந்து கிடா வெட்டுக்குப் பிறகு தோப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போகாமல் இருந்தால் அம்மா வருத்தப்படுவார். போனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் இன்னும் வாயைத் திறக்கவில்லை, என்ன பேசுவது என்று பிடிபடவில்லை.

பழையரயில்:

கூட்டத்தில் என்ன பேசுவது என்று யோசிக்கிறாயே, இதோ மேலே எழுதியிருக்கிறாயே, அதையே எழுந்து சொல். ஊரில் கொடை வருகிறது, தோப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று இரண்டு வரி. அழகாகப் பேச வேண்டாம், முன்னே குடித்த காலத்து வீரக் கதையும் வேண்டாம். இந்த வாரம் எங்கே இடிக்கிறது என்று சொன்னால், அதே இடத்தில் இடிபட்டவன் கூட்டம் முடிந்ததும் உன்னைத் தேடி வருவான்.

போவதா வேண்டாமா என்பதை உன் ஸ்பான்சரோடு பேசி முடிவு பண்ணு. ஆரம்ப காலத்தில் ஒரு வருஷம் கொடைக்குப் போகாமல் இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, வரி கொடுத்தாயிற்று, அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் அவர்தான் முதல் ஆளாகப் போகாதே என்பார். போவதென்று ஆனால் மதியக் கொடைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடு. ராத்திரி தங்காதே. அடுத்தவன் வண்டியில் போகாதே, கிளம்ப நினைக்கும்போது கிளம்ப முடிய வேண்டும். ஊருக்குள் நுழையும் முன்னால் அந்த ஆட்டோ அண்ணனுக்கு ஒரு போன், வெளியே வந்ததும் ஒரு போன். இரண்டாவது போன் இத்தனை மணிக்கு வரும் என்று அவரிடம் சொல்லி வை, வராவிட்டால் அவரே கூப்பிடுவார்.

மல்லிகைத்தோட்டம்:

தம்பி, ஊரில் ஒரே ஒருவருக்காவது முன்னாலேயே சொல்லி வையுங்கள். தங்கச்சியிடம் சொன்னால் போதும். “அண்ணனுக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஊற்றிக் கொடுக்காதீர்கள்” என்று அவள் ஒரு தடவை சொன்னால் மச்சான் முதல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நீங்களே ஒவ்வொருவனிடமும் விளக்கிக்கொண்டிருந்தால் பத்தாவது ஆளிடம் சோர்ந்துவிடுவீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு இருங்கள், கையில் ஒரு கலரோ மோரோ இருக்கட்டும்.

நெய்தல்காற்று:

நாகப்பட்டினம் பக்கம் கடற்கரைக் கிராமம், விசைப்படகில் தொழில். பக்கத்தில் கூட்டம் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்குக் கஷ்டமான காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் சும்மா கிடக்க வேண்டும். கையில் வேலை இல்லை, கூட்டாளிகள் எல்லோரும் ஒரே இடத்தில், நிவாரணப் பணம் வருகிற நாள் வேறு. குடியை விட்டவர்கள் திரும்ப விழுவது இந்த நாட்களில்தான்.

நான் செய்தது, தமிழில் இணையவழியாக நடக்கிற ஏ.ஏ. கூட்டத்தில் போனிலேயே தினமும் சேர்ந்துகொண்டேன். கேமராவை அணைத்து வைக்கலாம், பெயரை மாற்றி வைக்கலாம், ஆரம்பத்தில் கூச்சம் உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் காதில் மாட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டே கேட்டால் ஒட்டாது, தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது மைக்கைத் திறந்து பேச வேண்டும். அதிலும் நம்பர் வாங்கலாம், நான் வாங்கினேன், என் ஸ்பான்சர் வேறு மாவட்டத்துக்காரர், அவரை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே தினமும் பேசிக்கொண்டிருந்தோம். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து நேரில் ஒரு கூட்டத்துக்கும் போய்விடுவேன். போனில் கேட்பதற்கும், ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கரும்பலகை:

தென்காசிச்சாரலுக்கு இன்னும் ஒன்று மட்டும். குழுவில் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பெஞ்சு போடுவது, டீக் குவளை கழுவுவது, சாவி வாங்கி அறையைத் திறப்பது. சாவி உங்களிடம் இருந்தால் மனசு சரியில்லாத நாளிலும் போயே ஆக வேண்டும், நீங்கள் வராவிட்டால் பதினைந்து பேர் வாசலில் நிற்பார்கள். படிகளைப் பற்றி ஸ்பான்சர் சொல்லித் தருவார், அவசரப்பட வேண்டாம். குறிப்பாக ஒன்பதாவது படி, நாம் புண்படுத்தியவர்களிடம் போய்ச் சரிசெய்வது, அதை உற்சாகத்தில் முதல் மாதமே ஆரம்பித்து, பழைய முதலாளி, பழைய கடன்காரர் என்று தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். யாருக்காவது கெடுதல் வருமென்றால் செய்ய வேண்டாம் என்று அந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் எட்டுப் படிகள் இருக்கின்றன.

தூரத்துமேகம்:

இழை முழுவதும் படித்தேன். எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் தங்கைக்காகக் கேட்கிறேன், சென்னையில் தனியாக வேலை பார்க்கிறாள், தினமும் ராத்திரி ஃபிளாட்டில் தனியாகக் குடிக்கிறாள், எனக்கு மட்டும்தான் தெரியும். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகலாமா? போய் ஆம்பிளைகள் நடுவில் உட்கார முடியுமா?

மழைவிட்டவாசல்:

அக்கா, போகலாம், நானும் பெண்தான், ஏ.ஏ.வில் இருக்கிறேன். நேரில் நடக்கிற கூட்டங்களில் ஆண்கள்தான் அதிகம், சில நாள் நான் ஒருத்தி மட்டும் இருந்திருக்கிறேன், அதை மறைத்துச் சொல்லி உங்கள் தங்கையை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் இருக்கின்றன, இணையவழியாகவும் நடக்கின்றன, ஆரம்பத்துக்கு அதுதான் சுலபம். ஏ.ஏ. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, பெண் உறுப்பினர் ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டால் இணைத்துவிடுவார்கள். முதல் தடவை நேரில் போகும்போது அந்தப் பெண்ணோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். ஸ்பான்சர் பெண்ணாகவே இருக்கட்டும். கூட்டத்தில் எந்த ஆணாவது கூட்டம் முடிந்து தனியாகப் பேசலாம், காபி குடிக்கலாம் என்று ஆரம்பித்தால் நேராகக் குழுச் செயலாளரிடமோ மூத்த பெண் உறுப்பினரிடமோ சொல்லிவிட வேண்டும், சங்கடப்படக் கூடாது.

தினமும் குடிக்கிறாள் என்கிறீர்கள், அதனால் வார்டுவிளக்கு மேலே எழுதியதை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், டாக்டரைப் பார்க்காமல் தனியாக நிறுத்த வேண்டாம். நிறுத்துகிற வாரத்தில் நீங்கள் லீவு போட்டு அவள்கூட இருக்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் தங்கை எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்று இங்கே போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், இன்று ராத்திரியே பேசுகிறேன்.